பிரேக் அக்காவின் காலை ராகம்

முதலில் நடுக் கண்ணாடி. பிறகு இரண்டு பக்கக் கண்ணாடிகள். பிறகு இருக்கையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றி ஒரு வாய் வெந்நீர். சாய்வான தெருவின் ஓரத்தில் வண்டி நிற்கிறது. தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. ஆனால் அவற்றுக்கு வேலை குறைந்துகொண்டு வருகிறது. ஜன்னல்களை முழுதாக ஏற்றிவிட்டு, போனில் தம்பூரா ஆப்பைத் தட்டி டாஷ்போர்டில் சாய்த்து வைத்துவிட்டு, பிரேக் அக்கா கண்ணை மூடுகிறார். உடனே திறந்து, கைபிரேக் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார். மறுபடி மூடுகிறார்.

"ஸா..."

பின் இருக்கையில் மதியச் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். டிரைவிங் ஸ்கூல் அலுவலகத்தில் எனக்கு மேஜை வேலை. யாருக்கு எந்த நேரம் வகுப்பு, யாருக்கு என்றைக்கு டெஸ்ட் என்று பதிவு செய்து தர வேண்டும். அக்கா வரும் வழியில்தான் என் வீடு. தினமும் காலையில் என்னையும் ஏற்றிக்கொள்வார். பாடும்போது பேசக்கூடாது, கொட்டாவி விடக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

"பேச்சைக்கூடப் பொறுத்துக்குவேன் டிகிரி. கொட்டாவி தொத்திக்கும்."

டிகிரி என்பது நான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே உளறிவிட்டேன். அதிலிருந்து அதுதான் என் பெயர்.

அக்காவின் பெயரும் அப்படி வந்ததுதான். கற்றுத்தருபவரின் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும் வண்டி எங்களுடையது. மாணவர் சுவரை நோக்கிப் போகும்போது மற்ற பயிற்சியாளர்கள் கத்துவார்கள். அக்கா கத்துவதில்லை. வலது காலை ஒரு அழுத்து அழுத்துவார், வண்டி நிற்கும். பிறகு, நின்ற வண்டியில், அமைதியாகப் பேசுவார். "இப்ப சொல்லு. அந்தச் செவுரு உனக்கு என்ன பண்ணுச்சு?" பல வருடப் பழக்கம் காலில் ஊறிவிட்டது. சினிமாவில் கார் வேகமாக வந்தால் அழுத்துவார். அலுவலகத்தில் யாராவது டீ கிளாஸை மேஜை ஓரத்தில் வைத்தால் அழுத்துவார். பேருந்தில் போனால் முன்சீட்டுக்காரருக்கு முதுகில் உதை விழும் என்று அவர் வீட்டுக்காரர் சொல்வார்.

ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம்; வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டியரிங்குக்கு மேலே நெற்றியும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் தெரியும். சேலைக்கு மேல் எப்போதும் முழுக்கைச் சட்டை. காலில் அடிப்பாகம் தேய்ந்து காகிதமாகிவிட்ட கேன்வாஸ் ஷூ. புதியது வாங்கினால் அதையும் வீட்டுப் படியில் தேய்த்து மெலிதாக்கிய பிறகுதான் போட்டுக்கொள்வார். தடித்த செருப்போடு வரும் மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்: "வண்டி பேசறது காலுக்குத்தான் கேட்கும். நீ காதைப் பொத்திக்கிட்டு வந்திருக்க." பெண்கள் அவருக்கு "மேடம்", ஆண்கள் "சார்". முதல்முறை இன்ஜின் அணைந்ததும் மேடம் "ஏம்மா" ஆவார்; சார் "தம்பி" ஆவார். மறுபடி மறுபடி அணைந்தால் இருபாலருக்கும் பொதுவான ஒரு "அட!" உண்டு. அதை வாங்கியவர்கள் பிற்காலத்தில் நல்ல ஓட்டுநர்கள் ஆகியிருக்கிறார்கள்.

இந்த மனுஷி எதற்காக விடியும் நேரத்தில் காருக்குள் உட்கார்ந்து இந்துஸ்தானி சங்கீதம் பழகுகிறார்?

எல்லாம் இந்தச் சாய்வுத் தெருவில்தான் ஆரம்பித்தது. மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழகுவதற்கு ஊரிலேயே தோதான இடம் இதுதான். ஒருநாள் காலையில் ஒரு மாணவியோடு வந்திருக்கிறார். டயர் கடைக்கு மேலே மாடி ஜன்னலில் இருந்து ஒரு ஆண் குரல். வார்த்தை ஒன்றுமில்லை, ஒரே ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு யாரோ மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மாணவி, "போலாமா அக்கா?" என்றாளாம். "இரு, முடியட்டும்" என்றாராம் அக்கா. முடியவில்லை. அந்த வாரம் முழுக்க அந்தப் பெண் அந்த ஒரே ஜன்னலுக்குக் கீழேதான் பார்க்கிங் பழகினாள். இன்றைக்கும் எங்கள் ஸ்கூலில் அவளைப் போல் பார்க்கிங் செய்பவர்கள் இல்லை.

அடுத்த வாரம் அக்கா மாடியேறிக் கதவைத் தட்டினார். திறந்தது ஒரு நெட்டைப் பையன். அக்காவின் சின்ன மகனைவிடச் சின்னவன். தலை கலைந்து, கையில் பல் துலக்கும் பிரஷ்.

"உள்ள பாடினது யாருப்பா? அப்பாவா?"

"நான்தான் ஆன்ட்டி. சத்தமா இருக்கா? ஜன்னலைச் சாத்திடவா?"

"சாத்தினா கொன்னுடுவேன்" என்றாராம் அக்கா. அன்றே ஏற்பாடு முடிந்தது. அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. டெஸ்டில் இரண்டு முறை தோற்றிருந்தான். இவருக்குப் பாடத் தெரியாது. ஒருவருக்கொருவர் வாத்தியார். வாரத்தில் மூன்று நாள் காலையில் அக்கா மாடியேறிப் பாட்டு கற்பார். முடிந்ததும் இருவரும் இறங்கி வருவார்கள், அவன் வண்டி கற்பான்.

இதில் நான் அலுக்காமல் பார்த்தது அந்த மாடிப்படியைத்தான். ஏறும்போது கடைசிப் படியில் ஷூவைக் கழற்றிவிட்டு அக்கா குரலைத் தாழ்த்திக்கொள்வார். "வணக்கம் சார். வரலாமா சார்?" உள்ளே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஸ்கூல் பிள்ளை மாதிரி முழங்காலில் கை வைத்துக்கொள்வார். வகுப்பு முடிந்து இறங்கும்போது, ஷூ நாடாவைக் கட்டிய மறுநொடி, அதே ஆளைப் பார்த்து, "டேய், நேத்து சொன்னது ஞாபகம் இருக்கா? முதல்ல கண்ணாடி. பொண்ணுங்களைப் பார்க்க இல்ல, பின்னாடி வர லாரியைப் பார்க்க." இடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரே மனிதரை ஒரு மாடி உயரத்தில் வணங்கவும், தரைக்கு வந்ததும் அதட்டவும் அக்காவால் முடிந்தது. இரண்டிலும் நடிப்பு இல்லை.

நான் மேலே போய் உட்கார்ந்து பார்த்தது சில தடவைதான். சிறிய அறை, பாய், ஒரு பழைய தம்பூரா, ஜன்னலில் காயும் துண்டு. கீழே கடையில் டயரில் காற்றடிக்கும் சத்தம் நடுநடுவே ஏறி வரும். அவன் சொல்லிக்கொடுத்தது பைரவ் என்ற ராகம். காலையில் பாட வேண்டியது. அக்கா முதல் நாளே கொஞ்சம் மிடுக்காகத்தான் உட்கார்ந்தாராம். பள்ளி நாளில் சில மாதம் பாட்டு கிளாஸுக்குப் போயிருக்கிறார். கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான சரளி வரிசை மறக்கவில்லை. பைரவின் சுரங்களைக் கேட்டதும், "அட, இது நம்ம மாயாமாளவகௌளைதானே சார்! இந்த ஏழும் எனக்குத் தெரியுமே!" என்று சொல்லிவிட்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு ஸ ரி க ம என்று ஒரே மூச்சில் ஏறி இறங்கியிருக்கிறார்.

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னானாம்: "சுரம் எல்லாம் சரி ஆன்ட்டி. ஆனா நீங்க அட்டெண்டன்ஸ் எடுக்கிறீங்க."

இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். "பேரைக் கூப்பிட்டேன். எல்லாரும் உள்ளேன் ஐயான்னுச்சு. அவ்வளவுதான். ஒருத்தரும் வாயைத் திறந்து பேசல."

சிக்கல் முழுவதும் ரிஷபத்தில்தான் இருந்தது. ஸாவை அடுத்து வரும் இரண்டாவது சுரம். அக்காவுக்குச் சின்ன வயதில் பழகிய ரிஷபம் நேரானது. ஏறும் வழியில் ஒரு படி. கால் வைத்தால் அடுத்த படிக்குப் போக வேண்டியதுதான். பைரவின் ரிஷபம் அப்படிப்பட்டதில்லை. மேலே, அடுத்த சுரமான காந்தாரத்தின் பக்கம் இருந்து இறங்கி வந்து அதைத் தொட வேண்டும். தொட்டு, மெல்ல ஊஞ்சல்போல ஆட்ட வேண்டும். அதில் உட்கார்ந்துவிடக் கூடாது. அவசரப்பட்டால் அது வெறும் நடுக்கம் ஆகிவிடும்.

"ஸா கீழேர்ந்து கூப்பிடும் ஆன்ட்டி. இழுக்கும். உடனே போயிடாதீங்க. அங்கயே இருங்க. ஆனா விறைப்பா நிக்காதீங்க."

அக்கா பாடுவார். ரிஷபத்தைத் தொட்டதும் தொண்டை ஒன்று கட்டையாக நின்றுவிடும். இல்லாவிட்டால் குளிரில் நடுங்குவதுபோல வேகமாக ஆடிவிட்டு ஸாவில் தொப்பென்று விழும். அவன் பாடிக் காட்டுவான். நீண்ட மூச்சு, ரிஷபம் ஆடிக்கொண்டே இருக்கும், ஸாவுக்குப் போகிறதா இல்லையா என்று நமக்கே தெரியாது. அந்த இடத்தில் சம்மணமிட்ட காலுக்குள்ளிருந்து அக்காவின் வலது பாதம் பாயைச் சடக்கென்று அழுத்தும்.

"ஆன்ட்டி, பிரேக்."

"மன்னிச்சுக்கோங்க சார். நீங்க எங்கயாவது இடிச்சுடுவீங்களோன்னு..."

மாதங்கள் ஓடின. அக்கா ஐஸ்கிரீமை விட்டார். குளிர்ந்த தண்ணீரை விட்டார். மாணவர்களிடம் கத்தாதவர், இப்போது கூப்பிடவும் யோசித்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவரை அழைக்க வேண்டுமானால் ஹாரன் அடித்தார். வீட்டில் பாட இடமில்லை. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவர் வீட்டுக்காரர், முதல்நாள் காலையில் அடுக்களையிலிருந்து அந்த ரிஷபத்தைக் கேட்டுவிட்டு, "பக்கத்து வீட்டு மோட்டாருக்குத் தண்ணி ஏறலையாட்டம் இருக்கு" என்றாராம். தினமும் ஒரு கிண்டல் வைத்திருப்பார். தினமும் அதைச் சொல்லிக்கொண்டே அக்காவின் ஃபிளாஸ்க்கில் வெந்நீரை நிரப்பி, மூடியைத் திருகி, வாசலில் வைத்துவிடுவார். அக்கா குளித்துவிட்டு வருவதற்குள் அது அங்கே இருக்கும். ஒருநாளும் தவறியதில்லை.

அதனால்தான் கார் பாட்டறை ஆயிற்று. குளிர் அதிகமான காலைகளில் இன்ஜினை ஓடவிட்டுக் கேட்பார். "பாரு டிகிரி, வண்டிக்கும் தொண்டை கட்டியிருக்கு."

ஒருமுறை கேட்டுவிட்டேன், எதற்காக இவ்வளவு என்று. என் கேள்வியில் ஏளனம் இல்லை, உண்மையாகவே புரியவில்லை. நான் படித்தது எல்லாம் எதற்கோ படித்ததுதான். பத்தாவது பன்னிரண்டாவதுக்காக; அது கல்லூரிக்காக; அது வேலைக்காக. வேலை கிடைக்காததால் இந்த மேஜை. எனக்குப் பிடித்து நான் கற்றுக்கொண்டது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசிக்க வேண்டியிருக்கும். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்கா வெந்நீரை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நாள் முழுக்க ஆளுங்களை டெஸ்டுக்குத் தயார் பண்றேன். பாஸா ஃபெயிலா, பாஸா ஃபெயிலா. இதுக்கு டெஸ்ட் கிடையாது பாரு. அதான் பிடிச்சுச்சு."

பிறகு கொஞ்சம் யோசித்து, "பயமாவும் இருக்கு. டெஸ்ட் இல்லேன்னா முடிஞ்சுதான்னு எப்படித் தெரியும்?" என்றார்.

அது முடியப்போகிற நாள் வேறு வழியாக வந்தது. மலைப்பக்கத்து ஊர் ஒன்றில், இரண்டு இடங்களில் கிளை உள்ள ஒரு பள்ளியில், நெட்டை வாத்தியாருக்குப் பாட்டு ஆசிரியர் வேலை கிடைத்தது. காலையில் ஒரு கிளை, மதியம் இன்னொரு கிளை. நடுவில் பள்ளியின் வண்டியை அவனே ஓட்டிப் போக வேண்டும். லைசென்ஸ் வேண்டும். மாதக் கடைசிவரை காத்திருப்பார்கள். அதற்குள் இல்லாவிட்டால் வேறு ஆள். இதை அவன் வண்டிக்குள் சொன்னான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு.

"நல்ல விஷயம்தானே" என்றார் அக்கா. "இண்டிகேட்டர் போடு."

போனில் பாட்டைத் தொடரலாம் என்று முதலில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் முயன்றும் பார்த்தார்கள். அவன் மாடியில், அக்கா கீழே காரில். போன், தம்பூராவை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிட்டது. ரிஷபத்தின் ஆட்டம் வந்து சேரும்போது துண்டு துண்டாக இருந்தது. அக்கா இணைப்பைத் துண்டித்துவிட்டு, "இதுல திட்டு வாங்கலாம். பாட்டு வாங்க முடியாது" என்றார்.

ஆக, கணக்கு எளிமையானது. அவன் தேறினால் வேலைக்குப் போவான்; அக்காவின் பாட்டு ரிஷபத்தோடு நின்றுவிடும். தேறாவிட்டால் இங்கேயே இருப்பான். அவனை டெஸ்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அக்கா. எங்கள் ஸ்கூலில் பயிற்சியாளர் சரி என்று சொன்னால்தான் நான் தேதி வாங்க முடியும்.

அவனுக்கு மற்றதெல்லாம் வந்திருந்தது. மேடு மட்டும்தான் வரவில்லை. மேட்டில் நிறுத்திய வண்டியை எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் பின்னால் உருளவிட்டான், அல்லது இன்ஜினை அணையவிட்டான். முன்பு டெஸ்டில் இரண்டு முறை தோற்றதும் அங்கேதான்.

"தேதி வாங்கட்டுமா அக்கா?"

"இன்னும் மேடு வரல."

மறுநாளும் கேட்டேன். "வரல." அதற்கு மறுநாள் நான் கேட்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் போனது. மேடு வராதவர்களைக்கூட, "டெஸ்ட் தேதியைப் பார்த்தா வந்துடும்" என்று அனுப்பிவைத்திருக்கிறார் இதே அக்கா. எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதை எழுப்பியதற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுப் பார்த்தேன். கிடைத்த பதில் எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு அக்கா என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றி, இடது பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"டிகிரி. அந்தப் பையனுக்கு மேடு வரலங்கறது நிஜம்தான்."

"ஆமாக்கா."

"வரலன்னு சொல்றது எனக்கு வசதியாவும் இருக்கு. அதான் இப்ப கொஞ்ச நாளா எனக்கு என்மேலயே சந்தேகம்." பாதத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "தேதி வாங்கு. கிடைக்கிறதுல முன்னாடி எதுவோ அது."

"மேடு?"

"அது என் தலைவலி. நீ வாங்கு."

டெஸ்டுக்கு முதல்நாள் காலை. பாட்டு வகுப்பு வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டு, நேராக அவனை வண்டியில் உட்காரவைத்தார். நான் பின்னால். சாய்வுத் தெருவின் பாதியில் நிறுத்தி, எடு என்றார். வண்டி உருண்டது. அக்காவின் கால் அழுத்தியது. மறுபடி. இன்ஜின் அணைந்தது. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது.

"பதறாத. அவன் உன் கச்சேரிக்கு வரல. அடிச்சுட்டுப் போகட்டும்."

மறுபடி. மறுபடி உருண்டது. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு வராது ஆன்ட்டி. கிளட்சை எங்க நிறுத்தணும்னே தெரியல. கொஞ்சம் விட்டா குதிக்குது, பிடிச்சா பின்னால போகுது."

அக்கா கைபிரேக்கை இழுத்தார், சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். வெளியே பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"பாடு."

"என்னது?"

"ரிஷபம் பாடு. காந்தாரத்துலேர்ந்து வா."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் பாடினான். மூடிய காருக்குள் அந்தக் குரல் கண்ணாடியிலெல்லாம் பட்டு நின்றது. ரிஷபம் வந்தது, மெல்ல ஆடியது.

"நிறுத்து. இப்ப ஸா கூப்பிட்டுச்சா?"

"கூப்பிடும்."

"ஏன் போகல?"

"போகக்கூடாது ஆன்ட்டி. போனா விழுந்த மாதிரி ஆயிடும். அதுக்காக இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. அங்கயே..." சட்டென்று நிறுத்தி அக்காவைப் பார்த்தான்.

"சொல்லு. எத்தனை மாசமா எனக்குச் சொல்லிக்கிட்டிருக்க. இன்னைக்கு நீயே கேட்டுக்கோ." அக்கா சாவியைத் திருகினார். "பின்னாடி பள்ளம் கூப்பிடும். அதுதான் உன் ஸா. இப்ப காலால பாடு."

அவன் கிளட்சிலிருந்து இடது காலைத் தூக்கத் தொடங்கினான். மிக மெல்ல. இன்ஜினின் சத்தம் ஒரு இழை தாழ்ந்தது. வண்டியின் மூக்கு லேசாக நிமிர்ந்தது. அக்காவே கைபிரேக்கை இறக்கிவிட்டார். நான் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டேன். வண்டி பின்னால் போகவில்லை. முன்னாலும் போகவில்லை. மேட்டின் நடுவில், தன் இடத்திலேயே, உயிருள்ள ஒன்று மூச்சுவிடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி! நிக்குது!"

"நிக்கல, ஆடுது. பேசாத. கேளு."

கேட்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் வந்தவர்கள்கூட ஹாரன் அடிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அக்கா, "இப்ப மேல போ" என்றார். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் மேடேறியது. உச்சியில் அவன் சிரித்துக்கொண்டே திரும்பினான். அக்காவும் சிரித்தார். நடுக் கண்ணாடி வழியாக எனக்கு அவர் முகம் தெரிந்தது. சிரிப்பு முடிந்த பிறகும் அவர் அவனுடைய இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு வந்துடுச்சு" என்றார். "சரி, திருப்பு. கண்ணாடி."

மறுநாள் தேறினான். அதிகாரி மேட்டில் இரண்டு முறை நிறுத்தி எடுக்கச் சொன்னாராம். சந்தேகத்துக்காக அல்ல, அழகாக எடுத்ததால் இன்னொரு முறை பார்க்க. இதை அவன்தான் சொன்னான், ஆகவே கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

அவன் கிளம்புவதற்கு முன் கடைசி வகுப்பு. அன்று என்னையும் மேலே கூப்பிட்டார்கள். தம்பூரா உறைக்குள் போக வேண்டியது. கடைசியாக வெளியே இருந்தது. அக்கா பாடினார். மேட்டு ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தானே, ரிஷபம் தானாக வந்துவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. சொல்லப்போனால் முன்பைவிட மோசமாக இருந்தது. யோசித்து யோசித்துப் பாடினார், குரல் தடுக்கித் தடுக்கி ஸாவில் விழுந்தது.

நான் அவனைப் பார்த்தேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று இருந்தது எனக்கு.

"இன்னும் வரல ஆன்ட்டி" என்றான்.

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் சத்தியமாகப் பார்த்தேன். "நானும் யாரையும் சும்மா பாஸ் போட்டதில்ல சார்" என்று சொல்லிவிட்டு, குனிந்து தம்பூராவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு, படியிறங்கி, அவனுடைய நண்பனின் காரில் பெட்டிகளை ஏற்றினார். அவனே ஓட்டிக்கொண்டு போனான். தெருமுனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. இங்கே நடைபாதையில் நின்றிருந்த அக்காவின் வலது கால் தரையை அழுத்தியது. அங்கே அவன் சரியாக நிறுத்தினான்.

"ரிஷபம் தலைக்கு வந்துடுச்சு டிகிரி" என்றார் அக்கா, அலுவலகத்துக்குப் போகும் வழியில். "தொண்டைக்குத்தான் இன்னும் தகவல் போகல."

இப்போது மாடி ஜன்னல் மூடியிருக்கிறது. டயர்க்காரர் அங்கே சரக்கு போட்டுவைக்கிறார். அக்காவின் காலை மட்டும் மாறவில்லை. கண்ணாடிகள், வெந்நீர், தம்பூரா, "கொட்டாவி விடாத." சொல்லித்தர ஆளில்லாத பாடத்தைத் திருத்த ஆளில்லாமல் படிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. சில நாள் கட்டை, சில நாள் நடுக்கம். சில நாள் பாதியில் நிறுத்திவிட்டு, "இது அட்டெண்டன்ஸ்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவார். அவனுக்குச் செல்லும் செய்திகளில் பாட்டைப் பற்றி எதுவும் இருக்காது. "ஊர்ல மலைப்பாதை ஜாக்கிரதை. இறக்கத்துல கியர்ல வை" என்றுதான் இருக்கும். பதிலுக்கு அவன் ஒருநாளும் ரிஷபம் வந்துவிட்டதா என்று கேட்டதில்லை. அது அவனுடைய மரியாதை என்று நினைக்கிறேன்.

நேற்றுக் காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. புதிய மாணவி ஒருத்தி நேராகச் சாய்வுத் தெருவுக்கே வருவதாகச் சொல்லியிருந்தாள். வண்டி வழக்கமான இடத்தில். இன்ஜின் அணைந்திருந்தது, கைபிரேக் போட்டிருந்தது. அக்கா ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இருந்தார், நனைந்துவிட்டதாம். ஸாவில் தொடங்கினார். காந்தாரத்துக்குப் போய், மத்திமத்தைத் தொட்டு, இறங்கி வந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவி குடையை மடக்கிக்கொண்டு வண்டியை நோக்கி வருவது தெரிந்தது. கண்ணாடியைத் தட்டக் கையைத் தூக்கினாள். வேண்டாம் என்று நான் உள்ளிருந்தே தலையசைத்தேன். எதற்காகத் தடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. வண்டிக்குள் ஏதோ மாறியிருந்தது; ரிஷபம் இன்னும் ஸாவில் விழவில்லை.

முன்னால் எட்டிப் பார்த்தேன். பிரேக்கின் மேல் அக்காவின் வலது கால் சும்மா கிடந்தது. இடது பாதம், ஓடாத வண்டியின் கிளட்சை முழுதாக அழுத்தி, மெல்ல மெல்ல மேலே வந்து, பாதியில் நின்று, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.